மாட்டுக்குப் பல்... காருக்கு ஆயில் மூடி!

சந்தையில் மாடு வாங்கும்போது பல் பார்த்து, சுழி பார்த்து, நடக்கவிட்டுப் பார்த்த பிறகே பணத்தை எடுக்கும் விவசாயிகள்கூட, பழைய கார் என்றால் பளபளப்பைப் பார்த்தே அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்கள். பிறகு, கரும்பு வெட்டிய பணம் மெக்கானிக் கடைக்குப் போய்விடுகிறது. கொஞ்சம் நிதானித்தால் இதைத் தவிர்க்கலாம்.

காரைக் காலை நேரத்தில் பார்ப்பது நல்லது. 'வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்' என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், ஸ்டார்ட்டிங் கோளாறை மறைக்க முன்கூட்டியே ஓட்டியிருக்கலாம்.

அடுத்து, என்ஜின் ஆயில் மூடியைத் திறந்து உள்பக்கம் பாருங்கள். பாலேடு போலப் படிந்திருந்தால், ஆயிலில் தண்ணீர் கலந்திருக்க வாய்ப்புண்டு. ஹெட் கேஸ்கட் போயிருந்தால் என்ஜினைப் பிரிக்கும் அளவுக்குச் செலவு வரும்.

ஸ்டார்ட் செய்யும்போது ஒருவர் பின்னால் நின்று புகையைக் கவனிக்க வேண்டும். நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. காலைக் குளிரில் லேசான வெண்புகை வந்து மறைவது இயல்பு. என்ஜின் சூடான பிறகும் அடர்த்தியாக வந்தால் கூலன்ட் உள்ளே இறங்குகிறது.

மேட்டில் ஏற்றிப் பாருங்கள். என்ஜின் சத்தம் மட்டும் கூடி, வேகம் கூடாவிட்டால் கிளட்ச் தேய்ந்திருக்கும். கிலோமீட்டர் குறைவாகக் காட்டியும் பெடல் ரப்பர் தேய்ந்திருந்தால், மீட்டரைத் திருப்பியிருக்கிறார்களா என்று சந்தேகப்பட வேண்டும்.

2015, 2023 டிசம்பர் வெள்ளங்களில் சென்னையில் ஏராளமான கார்கள் மூழ்கின. வெள்ளத்தில் நின்ற காரைக் கண்டுபிடிக்க, சீட் பெல்ட்டை முழுவதுமாக வெளியே இழுங்கள். அடிப்பகுதியில் சேற்றுக்கறை தெரியும். தரைவிரிப்புக்கு அடியில் துருவும் வாடையும் இருக்கும்.

கடைசியாக ஆவணங்கள். ஆர்.சி புத்தகத்தில் உள்ள என்ஜின் எண், சேஸிஸ் எண் இரண்டும் வண்டியில் உள்ளவற்றுடன் பொருந்த வேண்டும். அதில் கடன் பதிவு இருந்தால் வங்கியின் தடையில்லாச் சான்றும், படிவம் 35-ம் தேவை. பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30-ல் விற்பவர் கையெழுத்து வாங்க வேண்டும். கார் கைமாறிய 14 நாட்களுக்குள் இன்ஷூரன்ஸையும் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும்.

தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூலி கொடுத்து அழைத்துப் போவது நல்லது. 'இன்னொருவர் பணத்தோடு நிற்கிறார்' என்று விற்பவர் அவசரப்படுத்தினால், அவருக்கே கொடுக்கச் சொல்லிவிட்டுத் திரும்பிவிடலாம்.