பெயர் மாறிக் கிடந்த வௌவால்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் பிறந்தவர்க்கு வௌவால் புதியதன்று. அந்தி மயங்கியதும் பனந்தோப்பினின்று கிளம்பி, வேப்பம்பழத்தைச் சுவைத்து, கொட்டையை நம் முற்றத்தில் உதிர்த்துச் செல்லும் சிறு பிராணியை நீங்கள் கண்டிருப்பீர்கள். தொங்கும் பனையோலைகளினிடையே பகலில் உறங்கும் அதனைக் குறுமூக்குப் பழந்தின்னி வௌவால் என்பர். எங்கும் காணத்தக்க இனம். அந்தப் பழக்கமே ஒருமுறை அறிஞர் கண்ணையும் மறைத்துவிட்டது!

1948-இல், அந்நாள் மதுரை மாவட்டத்தைச் சேர்ந்திருந்த மேகமலையில், இயற்கை ஆர்வலரான ஆங்கஸ் ஹட்டன் ஒரு வௌவாலைப் பிடித்தார். பதப்படுத்தப்பட்ட அதன் உடல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தை அடைந்தது. குறுமூக்கு வௌவால் என்றே அதனைக் கருதினர். அப்பெயரோடு 24 ஆண்டுகள் கழிந்தன.

பின்னர்த் தாய்லாந்து நாட்டு விலங்கியலார் கிட்டி தோங்லோங்யா அதனை எடுத்து ஆராய்ந்தார். அவர் செய்தது யாது? பற்களை எண்ணினார்! குறுமூக்கு வௌவாலுக்கு மேல்தாடையில் நான்கு, கீழ்த்தாடையில் நான்கு வெட்டுப்பற்கள் உண்டு, இதற்கோ இரண்டிரண்டே. முன்னதற்குக் குட்டை வால் உண்டு. இதற்கு வெளியே தெரியும் வாலே இல்லை. நிறமும் பருமனும் நம்மை ஏமாற்றலாம். பல்லமைப்பு எளிதில் ஏமாற்றுவதில்லை. ஆதலின் இது புதிய இனம் மட்டுமன்று, புதிய பேரினமே எனத் துணிந்து, 1972-இல் 'லாட்டிடென்ஸ்' என்று பெயரிட்டார். 'அகன்ற பல்' என்பது பொருள். இனப்பெயர் பறவையியல் மேதை சலீம் அலியை நினைவுறுத்துவது.

உயிருடன் உள்ளதா என்ற ஐயம் 1993-இல் தீர்ந்தது. மேகமலைப் பகுதியில் அது மீண்டும் அகப்பட்டது. பெரியாற்றுக் காடுகளிலும் களக்காடு முண்டந்துறையிலும் பிற்காலத்தில் காணப்பட்டது. தென்மேற்குத் தொடர்ச்சி மலையன்றி உலகில் வேறெங்கும் அறியப்படவில்லை. பகலில் பாறைக் குகைகளில் தங்கும். 'நம் பக்கத்துக் குன்றுகளிலும் பொந்துகள் உண்டே, இங்கு ஏன் இல்லை?' எனக் கேட்பீர்கள். நல்ல கேள்வி. குகை மட்டும் போதாது. சுற்றிலும் பழம் தரும் ஈரக்காடு வேண்டும். தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதியை அம்மலை தானே வாங்கிக்கொள்கிறது. அதனாலேயே அங்கே சோலை, இங்கே கருவேல முள்.

பெயரில் என்ன இருக்கிறது என்பார்க்கு ஒரு செய்தி. 1972-இலேயே வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், பழந்தின்னி வௌவால்களைக் காகம், எலி ஆகியவற்றோடு தீங்குயிர்ப் பட்டியலில் சேர்த்தது, யாரும் கொல்லலாம். தனி இனமென அறியப்பட்டமையால் மேகமலை வௌவால் பின்னர் முதல் அட்டவணைக்கு உயர்ந்து, புலிக்குள்ள காவலைப் பெற்றது. பழைய பெயரே நிலைத்திருந்தால் அதுவும் எலியோடு எலியாய் எண்ணப்பட்டிருக்கும்.

2022-ஆம் ஆண்டுத் திருத்தம் அந்தத் தீங்குயிர்ப் பட்டியலையே நீக்கிவிட்டது. நம் பனையோலை வௌவாலும் அவப்பெயர் நீங்கிற்று.