மலைப்பாதையில் ஒரு நாள் சைக்கிள் பிரயாணம்

புதுவாயலிலிருந்து பெரியபாளையம் செல்லும் சாலையில் சைக்கிள் மிதிப்பது கடினமன்று. தரை சமமானது, எதிர்க்காற்று ஒன்றே தொல்லை. இந்தச் சாலையில் பழகிய கால்களை நம்பி, சென்ற தை மாதத்தில் நண்பர்கள் இருவருடன் நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலைக்குச் சென்றேன். காரவள்ளி அடிவாரத்திலிருந்து ஏறி, மேலுள்ள சிற்றூர்களைச் சுற்றிப் பார்த்து, இருட்டுமுன் இறங்கிவிடுவது எங்கள் திட்டம்.

காரவள்ளிக்கும் சோளக்காட்டுக்கும் இடையே கொண்டை ஊசி வளைவுகள் 70. ஏற்றம் ஏறக்குறைய 900 மீட்டர். சாலை வளைந்து வளைந்து செல்வதால், 100 மீட்டர் தூரத்துக்கு நான்கைந்து மீட்டர் உயர்வு என்ற அளவில் அது அடங்குகிறது. கேட்பதற்குச் சிறிய கணக்குதான். ஆனால் அந்த நான்கைந்து மீட்டர் ஓயாமல் வந்துகொண்டேயிருக்கிறது.

மேட்டில் பாரவண்டி இழுக்கும் மாடுகள் அடியைச் சுருக்கி வைப்பதை விவசாயப் பெருமக்கள் கண்டிருப்பீர்கள். சைக்கிளுக்கும் அதுவே வழி. நம் வீட்டுச் சைக்கிளில் பெடலை ஒருமுறை சுற்றினால் வண்டி ஏறத்தாழ ஐந்து மீட்டர் நகரும். சரளைச் சாலைக்கென்றே செய்யப்படும் 'கிராவல் பைக்'கில் கியரை மாற்றி, அதை இரண்டு மீட்டராகக் குறைத்துக்கொள்ளலாம். கால் அதிகம் சுற்றும், பாரம் குறையும். நண்பர்கள் அவ்வகை வண்டியில் ஏறினர். நானோ பழைய வண்டியைத்தான் கொண்டு போயிருந்தேன். முப்பதாவது வளைவுக்குமேல் பெரும்பாலும் தள்ளிக்கொண்டே நடந்தேன். தலையில் விறகுக்கட்டுடன் சென்ற ஓர் அம்மாள் என்னை முந்திச் சென்றதையும் மறைப்பதற்கில்லை.

செம்மேட்டைத் தாண்டிக் கிளைச் சாலைகளில் புகுந்தோம். இருபுறமும் சில்வர் ஓக் மரங்களில் படர்ந்த மிளகு, காப்பி, பலா. சில இடங்களில் தார் முடிந்து சரளை தொடங்கியது. டயரில் காற்றைக் கெட்டியாக அடைத்திருந்ததால் என் வண்டி கற்களின்மேல் துள்ளி வழுக்கியது. காற்றைச் சற்றே குறைத்தபின் டயர் தரையைப் பற்றிக்கொண்டது. இறக்கத்தில் வளைவுக்கு முன்பே வேகத்தைத் தணிக்க வேண்டும்; வளைவுக்குள் பிரேக்கை அழுத்தினால் சரளை வாரிவிடும்.

ஜீப்பில் செல்லும்போது தெரியாத ஓர் உண்மை இங்கே புலப்பட்டது. சரளை அரித்துப் போன இடங்களிலெல்லாம் மேற்புறத்துப் பக்க வாய்க்கால் தூர்ந்திருந்தது. மழைநீர் வாய்க்காலில் ஓடாமல் சாலை நடுவே இறங்கி, மண்ணைக் கரைத்துக் கல்லை உருட்டிவிடுகிறது. அவ்விடத்தில் எங்களுக்கு நேர்ந்தது சிறு தடுமாற்றம். அரசு வழங்கிய விலையில்லாச் சைக்கிளில் வரும் பள்ளி மாணவிக்கும், பால்கேன் கட்டி வருபவருக்கும் அது தினசரி ஆபத்து. புதிதாகச் சரளை கொட்டுமுன் வாய்க்காலை வெட்டி, நடுச்சாலையைச் சற்று மேடாக்கி, தண்ணீர் குறுக்கிடும் இடத்தில் குழாய்ப் பாலம் வைப்பதே முறை. வாய்க்காலின்றிக் கொட்டும் சரளை அடுத்த மழையில் பள்ளத்துக்குத்தான் போகும்.

ஊர் திரும்பிய மறுவாரம், ஊராட்சி உறுப்பினர் சிலருடன் எங்கள் பகுதியின் ஏரிக்கரைச் சாலை ஒன்றில் சைக்கிளிலேயே சென்றேன். மலையில்லாத இடத்திலும் அதே குறை மூன்றிடங்களில் இருந்தது. உறுப்பினர் ஒருவர் அங்கேயே இறங்கிச் சுண்ணாம்பால் குறியிட்டார்.