வயலுக்கு வந்துவிட்ட ‘பொருட்களின் இணையம்’: மோட்டாரை நிறுத்தவும் பழக்குங்கள்

மும்முனை மின்சாரம் நள்ளிரவில் வரும் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. டார்ச் லைட்டோடு வரப்பில் நடந்துபோய் மோட்டாரைப் போட்டுவிட்டு வர வேண்டும். பாம்பு, மழையில் நனைந்த சுவிட்சுப் பெட்டி என ஆபத்துக்குக் குறைவில்லை. அதனால்தான், செல்போனில் கூப்பிட்டால் மோட்டாரை ஓடவைக்கும் பெட்டி கடைக்கு வந்ததும் பலரும் அதை வாங்கி மாட்டிக்கொண்டார்கள். ‘ஐ.ஓ.டி.’ என்ற பெயரைக் கேள்விப்படாமலேயே அதைப் பயன்படுத்தத் தொடங்கியவர்கள் அவர்கள்.

‘இன்டர்நெட் ஆஃப் திங்ஸ்’ என்பதன் சுருக்கம்தான் ஐ.ஓ.டி. தமிழில் ‘பொருட்களின் இணையம்’ என்கிறார்கள். 1999-ல் கெவின் ஆஷ்டன் என்ற ஆங்கிலேயர் வைத்த பெயர் இது. ஆனால், வேலை அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில், குளிர்பான இயந்திரத்தில் பாட்டில் இருக்கிறதா, அது குளிர்ந்திருக்கிறதா என்பதைத் தங்கள் கணினியிலிருந்தே பார்க்க வழி செய்துகொண்டார்கள். வீணாக நடந்துபோய் ஏமாந்து திரும்ப வேண்டாமே என்பதுதான் காரணம். நம் மோட்டார் பெட்டியும் அதே வீண் நடையைத்தான் மிச்சப்படுத்துகிறது.

இதில் இருப்பது நான்கே வேலைகள். ஓர் உணரி (சென்சார்) எதையாவது அளக்கும். அந்த அளவு சிம் கார்டு வழியாகவோ வேறு கம்பியில்லாத் தொடர்பு வழியாகவோ போகும். வந்த அளவை ஏற்கெனவே சொல்லிவைத்த வரம்போடு ஒப்பிட்டுப் பார்க்கும். பிறகு மோட்டாரையோ வால்வையோ இயக்கும். அல்லது உங்களுக்குத் தகவல் அனுப்பும். அளப்பது எது, வரம்பு எவ்வளவு என்ற இரண்டு கேள்விகளில்தான் நம் காசு வீணாவதும் பயன்படுவதும் இருக்கிறது.

மோட்டார் பெட்டி என்ன செய்கிறது?

நல்ல பெட்டி என்றால், ஆன்-ஆஃப் செய்வதோடு மோட்டார் இழுக்கும் மின்னோட்டத்தையும் அளக்கும். 5 எச்.பி. மும்முனை மோட்டார் சரியான மின்னழுத்தத்தில் ஏறக்குறைய 7 முதல் 9 ஆம்பியர் வரை இழுக்கும். கிணற்றில் தண்ணீர் வற்றிவிட்டால் தூக்க வேண்டிய சுமை இல்லாததால் ஆம்பியர் சட்டென்று குறையும். பெட்டி அதைக் கவனித்து மோட்டாரை நிறுத்திவிடும். மூன்று முனைகளில் ஒன்று போய்விட்டால் மற்ற இரண்டிலும் ஆம்பியர் எகிறும். காயில் கருகுவது அப்போதுதான். மின்னழுத்தம் குறைந்தாலும் ஆம்பியர் கூடும். 600 அடி ஆழ்துளைக் கிணற்றிலிருந்து மோட்டாரை வெளியே எடுத்து, காயில் கட்டி, மறுபடி இறக்கும் செலவு ஒருமுறை மிஞ்சினாலே பெட்டியின் விலை கைக்கு வந்துவிடும்.

இந்த வரம்புகளைக் கடைக்காரர் ஏதோ ஓர் எண்ணில் வைத்துவிட்டுப் போக விடாதீர்கள். கிணறு நிறைந்திருக்கும்போது உங்கள் மோட்டார் எத்தனை ஆம்பியர் எடுக்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொண்டு, அதை வைத்து மேல்வரம்பும் கீழ்வரம்பும் வைக்கச் சொல்லுங்கள்.

இதில் ஒரு சங்கடமும் இருக்கிறது. பெரும்பாலோர் இந்தப் பெட்டியை ‘ஆட்டோ’வில் போட்டுவிடுகிறார்கள். மின்சாரம் வந்தால் மோட்டார் ஓடும், போனால் நிற்கும். எவ்வளவு நேரம் பாய வேண்டும் என்பதை முடிவு செய்வது மின்வாரியம், பயிர் அல்ல. முன்பு நடந்துபோனவர், திரும்பி வரும்போது மடை நிறைந்துவிட்டதா என்றாவது ஒரு பார்வை பார்த்தார். இப்போது அதுவும் இல்லை. மணிக்கு 20,000 லிட்டர் இறைக்கும் மோட்டார் 2 மணி நேரம் கூடுதலாக ஓடினால் 40,000 லிட்டர் தண்ணீர் வேருக்குக் கீழே போய்விடும். கூடவே நீங்கள் போட்ட யூரியாவின் தழைச்சத்தும் நைட்ரேட்டாகக் கரைந்து இறங்கிவிடும். பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசம் என்பதால் இந்த இழப்பு எந்த ரசீதிலும் வருவதில்லை. கோடையில் கிணற்று மட்டத்தில்தான் தெரியும்.

ஆகவே, அடுத்து வாங்கும் கருவி மோட்டாரை நிறுத்தச் சொல்வதாக இருக்கட்டும்.

மண் ஈரம் அளக்கும் உணரிகள்

நம் வயல்களுக்கு வருபவற்றில் முக்கியமானவை இரண்டு வகை. ‘டென்சியோமீட்டர்’ என்பது நீர் நிரப்பிய குழாய். அடியில் நுண்துளைகள் கொண்ட பீங்கான் குப்பி இருக்கும். மண் காயக் காய அது குழாயிலிருந்து நீரை உறிஞ்சும். அந்த இழுவிசையை சென்டிபார் அளவில் காட்டும். எண் கூடினால் மண் காய்ந்திருக்கிறது என்று பொருள். மற்றொரு வகை, மண்ணின் மின்பண்பை வைத்து ஈரத்தைச் சதவீதத்தில் சொல்வது. இதில் எண் கூடினால் ஈரம் அதிகம். இரண்டையும் குழப்பிக்கொண்டு, தண்ணீர் தேவைப்படாத நாளில் பாய்ச்சுவது சாதாரணமாக நடக்கிறது.

சதவீதக் கணக்கிலும் ஒரு பொறி உண்டு. 15 சதவீத ஈரம் என்றால் மணற்பாங்கான நிலத்தில் பயிர் நிம்மதியாக இருக்கும். களிமண்ணில் அதே 15 சதவீதத்தில் வாடிவிடும். களி தண்ணீரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வேருக்கு விடாது. அதனால், செயலியில் வரும் பச்சை, சிவப்பு நிறங்களை அப்படியே நம்பாமல் உங்கள் மண்ணுக்கான எண்ணை நீங்களே கண்டுபிடியுங்கள். நன்றாகப் பாய்ச்சி, செம்மண்ணாக இருந்தால் ஒரு நாள், கரிசலாக இருந்தால் இரண்டு மூன்று நாள் கழித்து உணரி காட்டும் எண்ணை எழுதிவையுங்கள். அதுதான் உங்கள் ‘நிறைவு’ அளவு. பிறகு தினமும் வேர் ஆழத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்து உருட்டிப் பாருங்கள். வழக்கமாக ‘இன்று தண்ணீர் விடலாம்’ என்று உங்கள் கை சொல்லும் நாளில் உணரி காட்டும் எண்தான் ‘தொடக்க’ அளவு. இரண்டு மூன்று பாசனத்தில் எண்கள் நிலைத்துவிடும். உங்கள் அனுபவத்தைக் கருவிக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலை இது. நிறுவனத்துக்காரர் இதைச் செய்துதர முடியாது.

எங்கே புதைப்பது? சொட்டுநீர் போட்ட வாழைத் தோட்டம் என்று வைத்துக்கொள்வோம். சொட்டுவானுக்கு நேர் அடியில் வைத்தால் எப்போதும் ஈரமாகவே காட்டும். ஒரு சாண் தள்ளி, 20 செ.மீ. ஆழத்தில் ஒன்று, 45 செ.மீ. ஆழத்தில் ஒன்று வையுங்கள். வாழையின் பெரும்பாலான வேர்கள் மேல் ஒன்றரை அடிக்குள்தான் ஓடுகின்றன. மேலே உள்ள உணரி எப்போது மோட்டாரைப் போடுவது என்று சொல்லும். கீழே உள்ளதுதான் நமக்கு முக்கியம். ஒவ்வொரு பாசனத்திலும் அது முழுதாக நனைந்தால், தேவைக்கு மேல் பாய்ச்சுகிறீர்கள். நிறுத்திய பிறகும் நீர் கீழே இறங்கிக்கொண்டிருக்கும். எனவே கீழ் உணரியின் எண் அசையத் தொடங்கியதுமே நிறுத்திவிடலாம். மண்ணும் உணரியும் ஒட்டியிருக்க வேண்டும். இடையில் காற்று இடைவெளி இருந்தால் எண் பொய் சொல்லும்.

இவ்வளவு தூரம் போக விருப்பமில்லையா? கோவையில் உள்ள கரும்பு இனப்பெருக்க நிறுவனம் வடிவமைத்த மண் ஈரங்காட்டி இருக்கிறது. கையில் எடுத்துப்போய் மண்ணில் குத்தினால் நீலம், பச்சை, ஆரஞ்சு, சிவப்பு என நான்கு விளக்குகளில் ஒன்று எரிந்து ஈரத்தின் நிலையைச் சொல்லும். சிம் இல்லை, செயலி இல்லை. வீட்டை ஒட்டி ஓர் ஏக்கர் வைத்திருப்பவருக்கு இதுவே போதும் என்பேன்.

நெல்லுக்கும் அப்படித்தான். நீர் மறைய நீர் கட்டும் முறைக்கு, துளையிட்ட ஓரடிக் குழாயை வயலில் புதைத்து, உள்ளே நீர்மட்டம் மண்ணுக்குக் கீழ் 15 செ.மீ. இறங்கியதும் பாய்ச்சச் சொல்கிறார்கள். பூக்கும் தருணத்தில் மட்டும் நீர் நிற்க வேண்டும். எட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும் மட்டத்துக்கு உணரி எதற்கு? வயல் வெகுதூரத்தில் இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

எழுப்பிவிடும் கருவிகள்

மனிதரால் கவனிக்க முடியாத இடங்களில் இந்தத் தொழில்நுட்பத்துக்கு ஈடில்லை. இறால் குளத்தில் கரைந்துள்ள ஆக்சிஜன் மிகவும் குறைவது விடிவதற்குச் சற்று முன்பு. எல்லோரும் அசந்து தூங்கும் நேரம். லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழே போனால் ஆபத்து. அப்போது ஏரேட்டரை ஓடவிட்டு, குளக்காரரின் செல்போனையும் அலறவைக்கும் கருவி ஒரு பருவத்தின் முதலீட்டையே காப்பாற்றிவிடும். தென்னையில் சிவப்புக் கூன்வண்டின் புழுக்கள் தண்டுக்குள் குடைவது வெளியே தெரியும்போது மரம் பெரும்பாலும் கைவிட்டுப் போயிருக்கும். குடையும் அதிர்வை மரத்தில் பொருத்திய உணரியால் முன்பே பிடிக்கும் முறையை இஸ்ரேலில் உருவாக்கியிருக்கிறார்கள். கோழிப் பண்ணையின் வெப்பநிலை, பால் குளிர்விப்பான் என்று பட்டியல் நீளும்.

பணம் கொடுக்கும் முன்

கருவி வைக்கப்போகும் இடத்தில், கிணற்றடியிலேயே நின்று, எந்த நிறுவனத்தின் சிக்னல் கிடைக்கிறது என்று பாருங்கள். பல பெட்டிகளில் இருப்பது 2ஜி மோடம். ஜியோ சிம் அதில் வேலை செய்யாது. ரீசார்ஜ் முடிந்துபோன சிம்மும் மோட்டாரை ஓட்டாது. சிக்னலே இல்லாத மலையடிவாரத் தோட்டங்களில் ‘லோரா’ என்ற வானொலி முறை கைகொடுக்கும். திறந்த வெளியில் சில கிலோமீட்டர் வரை தகவல் கடத்தும்; மாதக் கட்டணம் கிடையாது; நம் நாட்டில் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை இதற்கு உரிமம் தேவையில்லை. தோட்டம் முழுவதும் உள்ள உணரிகளை லோராவில் இணைத்து, சிக்னல் உள்ள வீட்டு மாடியில் ஒரே ஒரு பெறுவான் வைத்தால் போதும்.

‘உங்கள் நிறுவனம் நாளை மூடிவிட்டால் இந்தக் கருவி ஓடுமா?’ என்று கூச்சப்படாமல் கேளுங்கள். செயலி வழியாக மட்டும் இயங்கும் கருவி, சர்வர் நின்ற அன்று வெறும் பிளாஸ்டிக் பெட்டி. அழைப்பு, எஸ்.எம்.எஸ். வழியாகவும் இயங்குவதை வாங்குங்கள். பழைய ஸ்டார்ட்டரைக் கழற்றாமல், கையால் போடும் வசதியையும் வைத்துக்கொள்ளுங்கள். எர்த் சரியாக இல்லாத ஷெட்டில் முதல் இடிமழையோடு பெட்டியின் ஆயுள் முடிந்துவிடும். எலி கடிக்கும் கம்பிகளைக் குழாய்க்குள் விடுங்கள். எந்தெந்த எண்களிலிருந்து கூப்பிட்டால் மோட்டார் ஓடலாம் என்று பதிவு செய்துவைப்பதும் அவசியம்.

செல்போன் வழி பம்புசெட் கட்டுப்பாட்டுக் கருவிகளுக்கு வேளாண் பொறியியல் துறை மானியம் வழங்கிவருகிறது. தொகையும் தகுதியும் ஆண்டுதோறும் மாறக்கூடியவை என்பதால், வாங்கிய பிறகு போய் நிற்காமல், முன்கூட்டியே உங்கள் உட்கோட்டத்தின் உதவி செயற்பொறியாளர் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். போகும்போது சிட்டா, ஆதார், மின் இணைப்பு எண் ஆகியவற்றோடு, உங்கள் மோட்டார் எத்தனை எச்.பி., எத்தனை ஆம்பியர் எடுக்கிறது என்பதையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.