கோலிசோடா மலையேறினால்...

சேலத்தில் நிரப்பிய கோலிசோடாப் புட்டி ஒன்றை ஏற்காடு மலைக்குக் கொண்டு சென்று, கரடியூரில் திறப்பதாக வைத்துக் கொள்வோம். நுரை கூடுமா, குறையுமா?

நுரைப்பது கரியமில வாயு. 1767-ல் ஜோசப் பிரீஸ்ட்லி, இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில், பீர் ஆலைத் தொட்டிகளின் மேல் தேங்கி நின்ற இவ்வாயுவை நீரில் கரைத்துப் பார்த்தார். சோடா பிறந்தது பீர்த் தொட்டியில்தான்! கோலி வைத்த புட்டிக்கு ஹிராம் காட் என்ற ஆங்கிலேயர் 1872-ல் காப்புரிமை பெற்றார். உள்ளிருக்கும் வாயுவே கோலியை ரப்பர் வளையத்தோடு அழுத்தி, வாயை மூடிக் கொள்கிறது.

சாதாரணக் காற்றழுத்தத்தில், 15 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ ஒரு லிட்டர் கரியமில வாயுவைக் கரைத்துக் கொள்ளும். 30 டிகிரியில் மூன்றில் இரண்டு பங்குதான். 1500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிடச் சுமார் 15 விழுக்காடு குறைவு. ஆகவே திறந்ததும் வாயு வெளியேறத் துடிக்கும். மலைக்குளிரோ அதை அடக்கி வைக்கும். இரவெல்லாம் குளிர்ந்த புட்டி சாதுவாக இருக்கும். கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கிச் சூட்டோடு வந்த புட்டி உங்கள் சட்டையை நனைக்கும்! பீர் நுரையைத் தானியப் புரதங்கள் தாங்கி நிற்கின்றன. சோடாவில் அவை இல்லாததால் நுரை நொடியில் மறைகிறது.

இஞ்சிச் சாற்றில் சர்க்கரையும் ஈஸ்டும் கலந்து, புட்டியிலேயே நுரைக்க வைப்போரும் உண்டு. இங்கே கவனம் தேவை. ஒரு கிராம் சர்க்கரையை ஈஸ்ட் தின்றால் சுமார் கால் லிட்டர் வாயு உண்டாகும். அரை லிட்டர் புட்டியில் 10 கிராம் சர்க்கரை முழுதும் நொதித்தால் இரண்டரை லிட்டர்! வெயில் நாளில் உள்ளழுத்தம் காற்றழுத்தத்தைப் போல் ஏழு மடங்கைத் தொடும். சாதாரணக் கண்ணாடி வெடித்துச் சிதறலாம். ஆகையால் கண்ணாடிப் புட்டியில் அடைக்காதீர்கள். பிளாஸ்டிக் புட்டியானால் விரலால் அமுக்கிப் பார்த்து, கல்லாக இறுகும் முன்பே மூடியைச் சற்றுத் தளர்த்தி விடலாம்.