இரும்பைத் தாங்கும் எண்ணெய்

1883-ஆம் ஆண்டு. இங்கிலாந்தின் இயந்திரப் பொறியாளர் கழகத்துக்காக, ரயில் அச்சுகளின் உராய்வை அளந்துகொண்டிருந்தார் பீச்சம் டவர். சுழலும் தண்டின் கீழ்ப்பகுதி எண்ணெயில் நனைந்திருந்தது. மேலே பித்தளை பேரிங், அதன்மேல் பாரம். எண்ணெய் விடுவதற்கென்று பேரிங்கின் உச்சியில் ஒரு துளை போட்டார். இயந்திரத்தை ஓடவிட்டதும், உள்ளே இறங்க வேண்டிய எண்ணெய் துளை வழியே மேலே பொங்கி வழிந்தது. தக்கை வைத்து அடைத்தார், தக்கையைத் தள்ளிவிட்டது. மரமுளை அடித்தார், அதுவும் நிற்கவில்லை. கடைசியில் ஓர் அழுத்தமானியைப் பொருத்திப் பார்த்தார். பாரத்தின் சராசரி அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டுதான். ஆனால் முள் 200-ஐத் தாண்டி எல்லையில் போய் நின்றது.

பித்தளை தண்டின்மேல் உட்கார்ந்திருக்கவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. பாரம் முழுவதையும் எண்ணெய்ப் படலமே சுமந்துகொண்டிருந்தது. சுழலும் தண்டு எண்ணெயைத் தன்னோடு இழுத்துப்போய், குறுகிக்கொண்டே போகும் இடுக்கில் திணிக்கிறது. அங்கே எழும் அழுத்தம் மேலிருக்கும் உலோகத்தைத் தூக்கிவிடுகிறது. மழையில் வேகமாகப் போகும் காரின் டயர் சாலையை விட்டு நீர்மேல் மிதப்பதும் ஏறத்தாழ இதைப் போலத்தான். 1886-இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இதற்குக் கணிதச் சமன்பாடு தந்தார். பேரிங் வடிவமைப்பவர்கள் இன்றும் அதைத்தான் கையாள்கிறார்கள்.

பால் பேரிங்கில் நடப்பது இன்னும் வியப்பானது. குண்டும் பாதையும் சந்திக்கும் சிறு புள்ளியில் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல் 10,000 மடங்கைத் தாண்டும். அந்த அழுத்தத்தில் எண்ணெய் ஒரு கணம் கிட்டத்தட்ட திடப்பொருளாகவே இறுகுகிறது. எஃகு சற்றே அமுங்கி இடம் கொடுக்கிறது. அங்கே படலத்தின் தடிமன் பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. தலைமுடியின் தடிமனோ சுமார் 70 மைக்ரான்.

எண்ணெயைப் பேணுவது ஏன் அவ்வளவு முக்கியம் என்பது இந்த ஒரு கணக்கிலேயே விளங்கும். நம் கண்ணுக்குச் சுமார் 40 மைக்ரானுக்குக் கீழ் எதுவும் தெரியாது. பேரிங்கைக் கெடுப்பவை சில மைக்ரான் அளவுத் துகள்கள். தெரு மண்ணில் இருக்கும் குவார்ட்ஸ், கடினமாக்கிய பேரிங் எஃகையே கீறவல்லது. அப்படி ஒரு துகள் இடுக்கில் சிக்கினால் பள்ளம் விழும். பள்ளத்தின் விளிம்பு மேடிட்டு, ஒவ்வொரு சுற்றிலும் அடிவாங்கும். நாளடைவில் அங்கே விரிசல் கண்டு, எஃகு செதிலாகப் பெயர்ந்துவிடும். பார்வைக்குப் பளிங்குபோல் இருக்கும் எண்ணெய் சுத்தமான எண்ணெய் என்று நம்ப முடியாது. டிரம்மில் வரும் புது ஆயிலையும் வடிகட்டித்தான் ஊற்ற வேண்டும்.

அந்த டிரம்மைக் கொஞ்சம் கவனியுங்கள். வெட்டவெளியில் நிமிர்த்தி வைத்த டிரம்மின் தலையில் மழைநீர் தேங்கும். பகல் வெயிலில் உள்ளிருக்கும் காற்று விரிந்து மூடியின் இடுக்கு வழியே வெளியேறும். இரவில் குளிர்ந்து சுருங்கும்போது, மூடியைச் சுற்றி நிற்கும் நீரையும் சேர்த்து உள்ளே இழுக்கும். மூடி திறக்காமலே எண்ணெயில் நீர் சேர்ந்துவிடும். அது படலத்தைப் பலவீனமாக்கித் துருவையும் கொண்டுவரும். கூரையின் கீழ் வைப்பது நல்லது. முடியாவிட்டால், இரண்டு மூடிகளும் ஒரே கிடைமட்டத்தில், எண்ணெய் மட்டத்துக்குக் கீழே இருக்கும்படி படுக்கவைக்க வேண்டும்.

அடுத்த எதிரி வெப்பம். எண்ணெயின் வெப்பநிலை ஓரளவுக்கு மேல் போனால், கூடும் ஒவ்வொரு 10 டிகிரி செல்சியஸுக்கும் ஆக்சிஜனேற்றத்தின் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது பொறியாளர்களின் தோராயக் கணக்கு. எண்ணெயில் அமிலம் சேரும், பிசின் படியும், ஃபில்டர் அடைக்கும்.

கிரீஸ் அளவுக்கு மிஞ்சினாலும் ஆபத்துதான். மோட்டார் பேரிங் சத்தம் போட்டால், கிரீஸ் கன்னை எடுத்து நிப்பிளில் வைத்துப் பிதுங்கும்வரை அடிப்பது பலருக்குக் கைப்பழக்கம். நெருக்கி அடைத்த கிரீஸைக் குண்டுகள் கடைந்துகொண்டே ஓடுவதால் பேரிங் சூடேறும். கன்னின் அழுத்தம் தாங்காமல் சீல் கிழியும். வேகமாகச் சுழலும் பேரிங்கில் காலியிடத்தின் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிவரை கிரீஸ் இருந்தால் போதும். வேறு வகைக் கிரீஸைக் கலப்பதும் தவறு. ஒத்துப்போகாத இரண்டு சேர்ந்தால் இளகி வழிந்துவிடலாம்.

1966-இல் பீட்டர் ஜோஸ்ட் தலைமையிலான குழு பிரிட்டிஷ் அரசுக்கு ஓர் அறிக்கை அளித்தது. உராய்வையும் தேய்மானத்தையும் முறையாகக் கையாண்டால் அந்நாட்டுத் தொழில்துறை ஆண்டுக்குச் சுமார் 51.5 கோடி பவுண்டு மிச்சப்படுத்தலாம் என்றது அது. அதில் மிகப் பெரிய பங்கு, பராமரிப்பும் உதிரிபாகமும் குறைவதால் கிடைப்பது; உராய்வில் வீணாகும் ஆற்றலின் பங்கு சிறியதே. ஆயில் விடும் வேலையை எடுபிடி வேலை என்று ஒதுக்கும் தொழிற்சாலை, கண்ணுக்குத் தெரியாத அந்தப் படலத்தின் காவலைத் தெரியாதவர் கையில் விடுகிறது. அந்த வேலைக்கு வருபவருக்கு முறையான பயிற்சியும், மூடியுள்ள சுத்தமான ஆயில் கேனும், எந்த இயந்திரத்துக்கு எது, எவ்வளவு என்று எழுதிய அட்டவணையும் கொடுங்கள். புது பேரிங் வாங்கும் செலவோடு ஒப்பிட்டால் இதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு.