வழுக்கும் நொடிக்கு ஒரு சாட்சி

கிளட்ச் கருகினால் குற்றம் யாருடையது? மெக்கானிக்குக்கும் ஓட்டுநருக்கும் இடையிலான பழைய வழக்கை டேட்டா லாகர் தீர்த்துவைக்கிறது.

ஹைதராபாத்தின் மல்லாபூர் தொழிற்பேட்டை. லேத்துகளின் இரைச்சலும் வெல்டிங் பொறிகளும் ஓயாத இதுபோன்ற இடங்களில் கருகிய கிளட்ச் தட்டின் வாடை யாருக்கும் புதிதல்ல. டிராக் பந்தயத்துக்காக முறுக்கேற்றிய காரிலிருந்து அந்த வாடை கிளம்பும்போதுதான் தகராறு தொடங்குகிறது. தட்டு மட்டம் என்பார் ஓட்டுநர். உன் கால் மட்டம் என்பார் மெக்கானிக். கியர்பாக்ஸை இறக்கிப் பார்த்தாலும் பயனில்லை. தட்டு கருகியிருப்பது தெரியும். எந்த நொடியில் கருகியது என்பது தெரியாது.

டிராக் பந்தயம் பார்வைக்கு எளிமையானது. நேர்கோட்டில் கால் மைல், அதாவது 402 மீட்டர். முதலில் கடப்பவர் வென்றார். ஆனால் வெற்றியும் தோல்வியும் பெரும்பாலும் முதல் இரண்டு விநாடிகளிலேயே முடிவாகிவிடுகின்றன. எஞ்சின் நிமிடத்துக்கு 5,000 சுற்றுக்கு மேல் அலறுகிறது. சக்கரமோ அசையாமல் நிற்கிறது. இரண்டையும் சேர்த்துவைக்கும் தரகர்தான் கிளட்ச். அது சற்று வழுக்கித்தான் ஆக வேண்டும். சட்டென்று பிடித்தால் டயர் புகைந்து சுழலும், அல்லது எஞ்சின் திணறும். அளவுக்கு மீறி வழுக்கினால் சக்தியெல்லாம் சூடாக வீணாகும்.

எவ்வளவு சூடு? 300 நியூட்டன் மீட்டர் திருகுவிசையைக் கடத்தும் கிளட்ச், சராசரியாக 3,000 சுற்று வித்தியாசத்தில் ஒரே ஒரு விநாடி வழுக்கினால், கால் லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கும் அளவு வெப்பம் பிறக்கிறது. அத்தனையும் இறங்குவது தட்டின் மெல்லிய மேற்பரப்பில்!

இதைக் காதும் காலும் அளக்க முடியாது. டேட்டா லாகர் அளக்கிறது. கைக்கடக்கமான இந்தப் பெட்டி எஞ்சின் வேகத்தையும் சக்கர வேகத்தையும் விநாடிக்கு நூறு முறையோ அதற்கு மேலோ பதிவு செய்கிறது. மற்றது பள்ளிக்கூடக் கணக்கு. முதல் கியரில் மொத்த விகிதம் 14 என்று வைத்துக்கொள்வோம். இயக்கப்படும் இரு சக்கரங்களின் சராசரி வேகம் 300 சுற்று. பெருக்கினால் 4,200. அதே கணத்தில் எஞ்சின் 6,000 காட்டினால் வழுக்கல் 1,800 சுற்று, அதாவது 30 சதவீதம்.

திரையில் இரண்டு கோடுகள் ஓடுகின்றன. புறப்பட்டதும் விலகி நிற்கும் அவை ஓரிடத்தில் கூடுகின்றன. அங்கேதான் கிளட்ச் முழுதாகப் பிடிக்கிறது. கோடுகள் கூடவே நேரம் எடுத்து, பிறகு ஒட்டியே சென்றால், கால் கிளட்சை விட்ட விதத்தைச் சந்தேகிக்கலாம். மூன்றாவது கியரில், மிதியிலிருந்து காலை எடுத்த பிறகும், ஆக்ஸிலேட்டரை முழுதாக அழுத்தும்போது மறுபடி விலகினால் ஓட்டுநர் மேல் பழியில்லை. பிரஷர் பிளேட்டின் அழுத்தம் போதவில்லை, அல்லது தட்டு தேய்ந்துவிட்டது. இயங்காத சக்கரத்தின் வேகத்தையும் பதிந்துகொண்டால் டயர் வழுக்குவதைத் தனியே பிரித்துவிடலாம்.

காரின் ஓ.பி.டி. இணைப்பில் செருகும் மலிவுக் கருவியும் கைபேசியும் போதாதா? போதாது. பெரும்பாலும் விநாடிக்குச் சில முறை மட்டுமே தகவல் வருகிறது. வேகமும் முழு கிலோமீட்டர் கணக்கில்தான். பறக்கும் குருவியைப் படம்பிடிக்கக் கல்யாண வீட்டுக் கேமரா கொண்டுபோன கதை.

பணத்தைவிடப் பெரிய விஷயம் உயிர். 1970 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் லயன்ஸ் ஓடுதளத்தில் டான் கார்லிட்ஸின் வண்டியில் டிரான்ஸ்மிஷன் வெடித்து, அவரது வலது பாதத்தின் ஒரு பகுதி பறிபோனது. எஞ்சினைப் பின்னுக்குத் தள்ளிய வண்டியோடு மறு ஆண்டே அவர் திரும்பி வந்து ஜெயித்தார். மிதமிஞ்சிய சூட்டில் விரிசல் கண்ட ஃபிளைவீலும் கிளட்சும் சிதறினால் காலடியில் குண்டு வெடித்தது போலத்தான். தொடர்ந்து நீளும் வழுக்கலை வரைபடம் முன்கூட்டியே காட்டிவிடும். ஆனால் காப்புக் கவசத்துக்கு அது மாற்றல்ல.

இன்னொரு எச்சரிக்கை. சோதனை ஓட்டத்துக்கு வெளிவட்டச் சாலை இடமல்ல. பொதுச் சாலையில் பந்தயமும் வேகப் பரீட்சையும் 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவின்படி குற்றம். சோழவரம் விமான ஓடுதளத்தில் பந்தயம் வளர்த்த சென்னை, இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரத் தடம் கண்டது இதனால்தான் பெரிய விஷயம்.

மல்லாபூர் வட்டாரத்துக்கு அளவீடு அந்நியமல்ல. 1967-ல் தொடங்கிய ஈ.சி.ஐ.எல். மின்னணு நிறுவனம் அருகில்தான் இருக்கிறது. 2023 பிப்ரவரியில் இதே நகரின் ஹுசேன் சாகர் கரையில் ஓடிய ஃபார்முலா-ஈ மின்சாரக் கார்களுக்குக் கிளட்ச் மிதியே கிடையாது. அந்தக் காலம் எல்லோருக்கும் வரும்வரை இடது காலுக்கு வேலை உண்டு. அந்தக் கால் செய்வது சரியா என்று சொல்ல இப்போது ஒரு சாட்சியும் உண்டு.