பழுதுற்ற பிளக்குப் பாயிண்டு

முன்னாளில் கல்கத்தா என வழங்கிய கொல்கத்தா நகரில், பிரின்செப் தெருவை அடுத்த இமாம்பாக் சந்தில், 1899ஆம் ஆண்டு ஏப்ரல் 17ஆம் நாள் மின்சார நிலையம் ஒன்று இயங்கத் தொடங்கிற்று. 1902ஆம் ஆண்டில், அதுகாறும் குதிரைகள் இழுத்துவந்த டிராம் வண்டிகள் மின்சாரத்தால் ஓடலாயின. இத்துணைப் பழமையான மின்சார நகரில் வாழும் நாம், அப்பழமையின் பயனோடு அதன் தொல்லையையும் சேர்த்தே பெற்றிருக்கிறோம். லேக் மார்க்கெட், ராஷ்பிகாரி அவென்யு, பவானிபூர் ஆகிய பகுதிகளில் நம்மவர் குடியிருக்கும் வீடுகளில் பல, தலைமுறை தலைமுறையாக நிற்பவை. விளக்குக்கும் விசிறிக்கும் போதும் என்று அந்நாளில் இழுத்த கம்பிகளில், இன்று கிரைண்டர், இஸ்திரிப் பெட்டி, கீசர், துணி துவைக்கும் இயந்திரம் ஆகிய அனைத்தையும் மாட்டுகிறோம். இச்சுமை முழுவதையும் தாங்குவது சுவரிலுள்ள பிளக்குப் பாயிண்டு. அது பழுதுற்றால் செய்யத்தக்கது யாது, தகாதது யாது என்பதைச் சற்று ஆராய்வோம்.

பழுதின் அறிகுறிகள் சில உள. பிளக்கைச் செருகினால் இறுக்கமாக நில்லாமல் தொங்கும். சற்று அசைத்தால் கருவி ஓடும், விட்டால் நிற்கும். உள்ளிருந்து சடசடவென ஒலி எழும். துளையைச் சுற்றிப் பழுப்பு நிறம் படரும். மீன் நாற்றம் போன்ற ஒரு தீய்ந்த வாடை வீசும். வேலை முடித்துச் சுவிட்சை அணைத்தபின் பிளக்கைத் தொட்டால் சுடும். இவற்றுள் ஒன்று தென்படினும், "அசைத்து வைத்தால் ஓடுகிறதே" என்று வாளாவிருத்தல் கூடாது.

ஏன் கூடாது? சாக்கெட்டின் உள்ளே பித்தளைக் குழல்கள் பிளக்கின் கால்களைக் கவ்விப் பிடிக்கின்றன. ஆண்டுக் கணக்கில் செருகியும் பிடுங்கியும் வருவதால் அப்பிடி தளர்கிறது. பின்புறத்தில் கம்பியை இறுக்கும் திருகும் நாளடைவில் நெகிழ்கிறது. கொல்கத்தாவின் ஈரக்காற்று அவ்வுலோகத்தில் களிம்பேற்றுகிறது. உலோகமும் உலோகமும் நன்கு பொருந்தாத இடத்தில் மின்னோட்டத்துக்குத் தடை உண்டாகிறது. தடை உள்ள இடத்தில் வெப்பம் பிறக்கிறது. எவ்வளவு வெப்பம் என்று கணக்கிட்டுப் பார்ப்போம். 2,000 வாட் கீசர் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். தளர்ந்த இணைப்பில் அரை ஓம் தடை இருப்பின், அச்சிறு இடத்தில் மட்டும் 35 வாட்டுக்குச் சற்று மேற்பட்ட வெப்பம் தோன்றும். ரேடியோ பழுதுபார்ப்பவர் ஈயம் உருக்கக் கையாளும் சூட்டுக்கோலின் திறன் ஏறத்தாழ அதுவே. அத்தகைய சூட்டுக்கோல் ஒன்றைச் சுவருக்குள் மறைத்துவைத்தால் என்ன விளையுமோ, அதுவே இங்கும் விளையும்.

ஈண்டு நாம் நன்கு உணரவேண்டிய உண்மை ஒன்றுண்டு. "ஆபத்து வந்தால் பியூஸ் போய்விடும்" என்று பலர் நம்புகின்றனர். பியூசும், தானே விழும் எம்.சி.பி. சுவிட்சும் அளவுக்கு மீறிய மின்னோட்டத்தையே கண்டறியும். தளர்ந்த இணைப்பிலோ மின்னோட்டம் மிகுவதில்லை. சற்றே குறையவும் கூடும். ஆகவே பிளாஸ்டிக் உருகித் தீப்பற்றும் தறுவாயிலும் பியூஸ் வாளாவே இருக்கும். அந்நிலையில் காவலாவன நம் கண்ணும் மூக்குமே.

பழுதைக் கண்டவுடன் அப்பாயிண்டின் சுவிட்சை அணைத்துவிட வேண்டும். புகையோ பொறியோ காணப்படின் அதன் அருகே கைவைக்காமல் மெயின் சுவிட்சையே அணைத்தல் நன்று. மின்சாரத் தீயின்மேல் தண்ணீர் ஊற்றலாகாது. பின்னர் அப்பாயிண்டின்மேல் காகிதம் ஒட்டி, வீட்டிலுள்ள சிறுவரும் வேலைக்கு வருவோரும் அறியச் செய்யவேண்டும். சுவிட்சு அணைந்துள்ளது என்ற துணிவில் மூடியைக் கழற்றுவது பெரும்பிழை. பழைய வீடுகள் சிலவற்றில் சுவிட்சு, மின்சாரம் வரும் 'பேஸ்' கம்பியில் இல்லாமல் 'நியூட்ரல்' கம்பியில் மாறி இணைந்திருக்கும். அங்கே சுவிட்சு அணைந்திருந்தாலும் துளையில் மின்சாரம் நிற்கும். டெஸ்டர் எரியவில்லை என்பதும் முழுச் சான்றாகாது. மின்சாரம் உள்ள வேறோர் இடத்தில் அந்த டெஸ்டர் எரிகிறதா என முதலில் பார்த்துக்கொள்ளவேண்டும். பிளக்கு உடைந்ததென்று, வெறுங்கம்பிகளைத் துளையில் நுழைத்துத் தீக்குச்சியால் இறுக்கும் வழக்கத்தை அறவே விடவேண்டும்.

மீட்டர் வரையுள்ள பொறுப்பு மின்சாரம் வழங்கும் நிறுவனத்தினுடையது. அதற்கு அப்பாலுள்ள கம்பிகள் வீட்டாரின் பொறுப்பு. வாடகைக்கு இருப்போர், வங்காளிகள் 'பாரீவாலா' என்றழைக்கும் வீட்டுக்காரருக்கு எழுத்து மூலம் தெரிவித்து, உரிமம் பெற்றவரைக் கொண்டு வேலை செய்விக்கக் கேட்கலாம். நம் ஊரில் கட்டட வேலை செய்பவர் மேஸ்திரி. இங்கே மின்சார வேலை செய்பவரும் 'மிஸ்திரி'யே. அவர் வந்ததும் சாக்கெட்டை மட்டும் மாற்றிச் சென்றால் போதாது. கருகிய கம்பி முனையை வெட்டி நீக்கி, நல்ல பகுதியைத் திருகில் இறுக்கவேண்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள சாக்கெட்டே வேண்டுமெனக் கேட்கவேண்டும். சிறிய பாயிண்டு 6 ஆம்பியருக்கு உரியது. 1,380 வாட்டுக்கு மேல் அது தாங்காது. கீசர் போன்றவற்றுக்கு 16 ஆம்பியர் பாயிண்டும் அதற்கேற்ற தடித்த செப்புக் கம்பியும் தேவை. மெல்லிய பழங்கம்பியின் முனையில் பெரிய சாக்கெட்டைப் பொருத்துவது, ஒற்றையடிப் பாதையில் பாரவண்டி ஓட்டுவதை ஒக்கும்.

மூன்று துளைகளில் மேலேயுள்ள பெரிய துளை 'எர்த்' எனப்படும் நில இணைப்புக்கு உரியது. கருவியின் உலோக உடலில் மின்சாரம் கசிந்தால், அதை நிலத்துக்குக் கொண்டு செல்வது அதுவே. பழைய வீடுகளில் இத்துளை இருந்தும் அதன் பின்னே கம்பி இல்லாதிருத்தல் உண்டு. ஆதலின், "எர்த் உளதா?" என்று மிஸ்திரியிடம் கேட்டுச் சோதிக்கச் செய்தல் இன்றியமையாதது. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்னும் கருவியையும் மெயினில் பொருத்திக்கொள்வது உயிர்க்காப்பாகும்.

மழைக்காலத்தில் இவ்வெச்சரிக்கை இருமடங்காக வேண்டும். 2025ஆம் ஆண்டு செப்டம்பர் 23ஆம் நாள், துர்க்கா பூஜைக்குச் சில நாட்களே இருந்தபோது பெய்த பெருமழையில் இந்நகரத் தெருக்கள் வெள்ளக்காடாயின. மின்சாரம் தாக்கிப் பலர் மாண்டனர். தரைத்தளத்தில் குடியிருப்போர், தண்ணீர் உள்ளே புகுமுன்னரே மெயினை அணைத்துவிடவேண்டும். புகுந்தபின் நீரில் நின்றுகொண்டு சுவிட்சைத் தேடலாகாது. மின்சார நிறுவனத்துக்குத் தெரிவித்து வெளியிலிருந்து துண்டிக்கச் செய்வதே வழி. ஒருவரை மின்சாரம் பற்றிக்கொண்டால் அவரை வெறுங்கையால் இழுக்காமல் முதலில் மெயினை அணைக்கவேண்டும். அது இயலாவிடின், உலர்ந்த இடத்தில் நின்று, உலர்ந்த மரக்கோலால் அவரை விலக்கி, உடனே 112 என்ற எண்ணுக்கு அழைக்கவேண்டும்.

உற்றார் உறவினர் தொலைவில் இருக்க, நாம் வேற்றூரில் குடித்தனம் நடத்துகிறோம். நள்ளிரவில் இடர் நேர்ந்தால் ஓடிவரும் அண்டை வீட்டாருக்கு நம் மெயின் சுவிட்சு எங்குள்ளது என்பது தெரியாது. அதனை அவர்களுக்கும், நம் வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் இன்றே காட்டிவைப்போம். அப்படியே வீட்டிலுள்ள பாயிண்டுகளையும் ஒருமுறை சுற்றிப் பார்ப்போமாக. ஒரு சாக்கெட்டின் விலை சில நூறு ரூபாயைத் தாண்டாது. அதனை நாளை மாற்றலாம் என்று தள்ளிப்போடுவதற்கு அச்சிறு செலவு காரணமாகலாகாது.